கால்களும் கற்ற பாடம்

வத்தலக்குண்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத சின்னாளபட்டியில் கைத்தறி நெசவாளர் ஒருவர் வேலை செய்வதைச் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். அவருடைய கைகள் நாடாவை வீசுகின்றன. கண்கள் இழையைக் காவல் காக்கின்றன. தறிக்குழிக்குள் இறங்கியிருக்கும் கால்கள் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. அவர் தம் கால்களைப் பார்ப்பதே இல்லை. பார்க்கத் தொடங்கினால் துணியில் பிழை விழும். பல ஆண்டுப் பழக்கத்தால் கால்கள் தமக்கென ஓர் அறிவைப் பெற்றுவிடுகின்றன.

இசைக்கருவிகளுள் இத்தகைய கால் அறிவைக் கேட்கும் கருவி ஒன்று உண்டு. அது ஐரோப்பியத் தேவாலயங்களில் வளர்ந்த குழல் ஆர்கன். நம் ஊர்ப்புறத் தேவாலயங்களிலும் பழைய பள்ளிக்கூடங்களிலும் இருந்த கால் ஆர்மோனியத்தோடு அதைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. கால் ஆர்மோனியத்தில் பாதங்கள் செய்வது துருத்தியை மிதித்துக் காற்றேற்றும் வேலை மட்டுமே. ஆர்கனில் கால்களே சுரங்களை வாசிக்கின்றன. வாசிப்பவரின் இருக்கைக்குக் கீழே மரத்தாலான நீண்ட கட்டைகள் வரிசையாக அமைந்திருக்கும். பெரும்பாலும் 30 அல்லது 32 கட்டைகள். அவை ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயிகளைக் கொண்ட ஒரு தனிச் சுரவரிசை. இசையின் அடித்தளமான மந்திர சுரங்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன.

அதைக் கற்பது எளிதன்று. நுனிக்காலால் ஒரு கட்டையையும் குதிகாலால் அடுத்த கட்டையையும் இடைவெளி தெரியாமல் அழுத்த வேண்டும். ஒரு கால் மற்றொன்றின் முன்னோ பின்னோ கடந்து செல்ல வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது; தொலைவைக் கணுக்காலும் முழங்காலும் உணர வேண்டும். இவற்றையெல்லாம் செய்யும்போதே இரு கைகளும் வெவ்வேறு விசைப்பலகைகளில் வெவ்வேறு இசைவரிகளை வாசித்துக்கொண்டிருக்கும். செபாஸ்டியன் பாக் இயற்றிய ஆறு மூவரிசை சொனாட்டாக்கள் இந்தப் பயிற்சியின் உச்சம். வலக்கைக்கு ஒரு வரி, இடக்கைக்கு ஒரு வரி, கால்களுக்கு ஒரு வரி. மூன்றும் ஒன்றுக்கொன்று அடிமையாகாமல் நடக்க வேண்டும். தம் மூத்த மகனின் பயிற்சிக்காகவே பாக் அவற்றைத் தொகுத்தார் என்பது இசை வரலாற்றாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இந்தக் கலையைச் சிறுவனாகக் கற்று, முப்பதாம் வயதில் அதைக் கைவிடத் துணிந்து, காட்டு நடுவில் மீண்டும் கண்டெடுத்த ஒருவரின் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது, எதையும் உடனடிப் பயனால் மட்டுமே அளக்கும் நம் காலத்திற்கு ஏற்றது. அவர் ஆல்பர்ட் சுவைட்சர். ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை நடத்திய, நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவராகவே அவரை நாம் பள்ளிப் பாடங்களில் அறிந்தோம். மருத்துவராவதற்கு முன்பே ஐரோப்பா மதித்த ஆர்கன் கலைஞராக அவர் விளங்கினார் என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி.

சுவைட்சர் 1875 ஜனவரி 14 அன்று, அப்போது ஜெர்மானியப் பேரரசின் ஆளுகையில் இருந்த அல்சாஸ் பகுதியில், கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் குன்ஸ்பாக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அவ்வூரின் சபை குரு. தாய்வழிப் பாட்டனாரும் குருவே. ஆர்கன் மீது தீராத பற்றுடையவர். எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள ஆர்கனைத் தேடிச் சென்று பார்ப்பது அவருடைய வழக்கம். அந்தப் பற்று பேரனுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் வயதில் தந்தையிடம் பியானோ கற்கத் தொடங்கிய சிறுவன், எட்டாம் வயதில் ஆர்கனின் முன் அமர்ந்தான். அப்போது அவன் கால்கள் பெடல் கட்டைகளை எட்டவே சிரமப்பட்டன. ஒன்பதாம் வயதில் ஊர்த் தேவாலயத்தின் வழிபாட்டில் ஆர்கன் கலைஞருக்குப் பதிலாக வாசிக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது.

இதனால் அவன் பிறவி மேதை என்று கருதிவிட வேண்டாம். பத்து வயதில் மேல்படிப்புக்காக முல்ஹவுஸ் நகருக்குச் சென்ற அவன், அங்கே யூஜேன் மூன்ஷ் என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தான். மூன்ஷுக்கு இந்த மாணவன் தலைவலியாக இருந்தான். மனம் போனபடி கற்பனையாக வாசிப்பதில் இருந்த ஆர்வம் பாடத்தைப் பயில்வதில் இல்லை. இசையுணர்வே அற்றவன் என்று ஆசிரியர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு நிலைமை சென்றது. அந்தச் சலிப்பு சிறுவனைத் தைத்தது. அடுத்த பாடத்துக்கு மெண்டல்சோன் இயற்றிய சிறு உருப்படி ஒன்றை விரலுக்கு விரல் பயின்று வந்து வாசித்துக் காட்டினான். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் அவன் தோளில் கைவைத்தார். பிறகு தாமே அமர்ந்து அவனுக்காக வாசித்தார். பதினைந்தாம் வயதில் அந்நகரின் பெரிய ஆர்கனில் பயிலும் உரிமையும், பதினாறாம் வயதில் ஆசிரியருக்குப் பதிலாக வழிபாட்டில் வாசிக்கும் பொறுப்பும் அவனுக்கு வந்தன. 1898-இல் மூன்ஷ் இளவயதிலேயே காய்ச்சலில் இறந்தபோது, மாணவர் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அச்சில் வந்த சுவைட்சரின் முதல் நூல் அதுவே.

1893-இல், பதினெட்டு வயதில், அவர் பாரிஸ் சென்றார். அங்கே செயின்ட் சுல்பீஸ் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர் ஷார்ல் மரி விடோர் அவரைத் தம் மாணவராக ஏற்றார். இசைக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே கற்பித்துவந்த விடோர் விதிவிலக்காகச் செய்த ஏற்பு அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லெம்மென்ஸ் என்னும் ஆசானிடம் பயின்றவர் விடோர். அந்தப் பள்ளி, குதிகாலையும் நுனிக்காலையும் முறையாகப் பயன்படுத்திச் சுரங்களைத் தொடுத்து வாசிக்கும் ஒழுங்கை வலியுறுத்தியது. அதுவரை தாம் கற்றதை அடிப்படையிலிருந்து திருத்திக்கொள்ள வேண்டியிருந்ததைச் சுவைட்சர் பின்னாளில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். வேகத்தைவிடத் தெளிவு முக்கியம், ஒவ்வொரு வரியும் கட்டடத்தின் தூணைப்போல் காதுக்குத் தனித்துத் தெரிய வேண்டும் என்பதே விடோரிடம் அவர் பெற்ற பாடம். பிற்காலத்தில் பலரும் பாக்கின் இசையை விரைந்து வாசித்தபோது, அவர் நிதானமாகவே வாசித்தார்.

குருவுக்குச் சீடர் திருப்பிக் கொடுத்த தருணமும் உண்டு. பாக்கின் தேவாலயப் பாடல் முன்னிசைகள் சிலவற்றின் போக்கு விடோருக்கு விளங்காமல் இருந்தது. அவற்றுக்கு அடிப்படையான ஜெர்மானியப் பாடல்களின் சொற்களைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்திருந்த சுவைட்சர், அந்தச் சொற்களின் பொருளையே இசை வரைந்து காட்டுகிறது என்று விளக்கினார். அந்த விளக்கமே வளர்ந்து, 1905-இல் பிரெஞ்சு மொழியில் பாக் பற்றிய நூலாக வெளிவந்தது. 1908-இல் வந்த ஜெர்மன் பதிப்பு மொழிபெயர்ப்பாக அமையவில்லை. அவர் அதைப் புதிதாகவே எழுதினார். பக்கங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின.

இதற்கிடையே 1899-இல் கான்டின் சமயத் தத்துவத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஸ்டிராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தார், தேவாலயத்தில் உரையாற்றினார், பாரிஸ் பாக் சங்கத்தின் ஆர்கன் கலைஞராகப் பணியாற்றினார். பழைய ஆர்கன்களை இடித்துவிட்டு, தொழிற்சாலைப் பாணியில் பெரிதாக முழங்கும் புதிய கருவிகளை நிறுவும் மோகம் பரவியபோது அதை எதிர்த்து எழுதினார். ஸ்டிராஸ்பூர்க் செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் சில்பர்மான் என்னும் கைவினைஞர் செய்த ஆர்கன் காப்பாற்றப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு.

ஓர் இளைஞர் இத்தனை துறைகளில் கால் ஊன்றி நின்றபோது, தமக்கே விதித்துக்கொண்ட கெடு ஒன்று நெருங்கியது. 1896-ஆம் ஆண்டு, இருபத்தோரு வயதில், அவர் ஓர் உறுதி எடுத்திருந்தார். முப்பது வயது வரை அறிவுக்கும் கலைக்கும் வாழ்வது. அதன்பின் மனிதர்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது. 1904-இல் பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தின் இதழ் ஒன்றில், இன்றைய காபோன் நாட்டுப் பகுதியில் பணியாற்ற ஆள் இல்லை என்ற செய்தியைப் படித்தார். தேடல் முடிந்தது. 1905 அக்டோபர் 13 அன்று பாரிஸில் ஓர் அஞ்சல் பெட்டியில் கடிதங்களை இட்டு, தம் முடிவைப் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் அறிவித்தார். உறவினர் திகைத்தனர். விடோர் கடிந்துகொண்டார். சுவைட்சர் அசையவில்லை. முப்பது வயதில், தாம் கற்பித்த பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ மாணவராகச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டுகள் களைப்பின் ஆண்டுகள். பகலில் உடற்கூறியல், ஞாயிறுகளில் தேவாலய உரை, இரவில் எழுத்து, இடையிடையே பாரிஸுக்குச் சென்று கச்சேரி. 1911-இல் மருத்துவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தப் பணம் வேண்டியிருந்தது. மியூனிக் இசை விழாவில் விடோரின் படைப்பொன்றுக்கு ஆர்கன் வாசித்துப் பெற்ற ஊதியத்தால் அதைச் செலுத்தினார். மருத்துவரை உருவாக்கியதில் கால் கட்டைகளுக்கும் ஒரு பங்கு இருந்தது என்று சொல்வது மிகையாகாது. 1912-இல், செவிலியர் பயிற்சி பெற்ற ஹெலன் பிரெஸ்லாவை மணந்தார். 1913 மார்ச் மாதம் இருவரும் போர்தோ துறைமுகத்திலிருந்து கப்பலேறினர். ஏப்ரலில் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனேயை அடைந்தனர். தொடக்கத்தில் பழைய கோழிக்கூடு ஒன்றே அவர்களுக்கு மருத்துவக் கூடமாயிற்று. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 நோயாளிகள் வந்தனர்.

அவர்களோடு ஒரு விசித்திரப் பொருளும் சென்றது. பாரிஸ் பாக் சங்கத்தார் தங்கள் கலைஞருக்குப் பிரிவுப் பரிசாக, ஆர்கனைப் போன்ற பெடல் கட்டைகள் இணைக்கப்பட்ட பியானோ ஒன்றை அளித்திருந்தனர். வெப்பமண்டலத்தின் ஈரத்தையும் கறையானையும் தாங்கும் வகையில் அதன் உட்புறம் துத்தநாகத் தகட்டால் காக்கப்பட்டிருந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் அது ஆற்றின் வழியே கொண்டுசெல்லப்பட்டது.

ஆனால் சுவைட்சருக்கு அதைத் தொட மனம் வரவில்லை. கலைஞராகத் தம் வாழ்வு முடிந்துவிட்டது என்று அவர் எண்ணினார். விரல்களும் கால்களும் தாமாகவே துருப்பிடித்துப் போகட்டும், அப்போது துறவு எளிதாகும் என்பது அவர் கணக்கு. இழப்பு உறுதி என்றால் அதை முழுமையாக்கிவிடுவதே நிம்மதி என்று நினைக்கும் இந்த மனநிலையை நாம் எல்லோரும் அறிவோம்.

ஒரு மாலையில் அந்தக் கணக்கு மாறியது. மனச்சோர்வோடு பாக்கின் ஆர்கன் படைப்பொன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, காட்டில் கிடைக்கும் ஓய்வு நேரமே தம் கலையைச் செம்மைப்படுத்தும் வாய்ப்பு என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. இங்கே கச்சேரி இல்லை, அவசரமும் இல்லை. பாக், மெண்டல்சோன், விடோர், சீசர் ஃபிராங்க், மாக்ஸ் ரேகர் ஆகியோரின் படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மிகச் சிறிய நுணுக்கம் வரை ஆராய்ந்து, மனப்பாடம் செய்வதென்று முடிவு செய்தார். ஒரே படைப்புக்கு வாரங்களோ மாதங்களோ ஆனாலும் கவலையில்லை. பகலெல்லாம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்து, புண்களுக்கு மருந்திட்டு, உறக்க நோயாளிகளைக் கவனித்த மனிதர், மாலையில் பெடல் கட்டைகளின் முன் மாணவராக அமர்ந்தார்.

அந்தப் பயிற்சி எவ்வளவு ஆழமாக அவருக்குள் இறங்கியது என்பதைப் போர்க்காலம் காட்டியது. அவர் ஜெர்மானியக் குடிமகன். லம்பரேனே பிரெஞ்சுக் குடியேற்றம். 1914 ஆகஸ்டில் உலகப் போர் வெடித்ததும் கணவனும் மனைவியும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். 1917-இல் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரனீஸ் மலையடிவாரத்தில் காரேசோன் என்னும் இடத்தில் பழைய மடம் ஒன்று முகாமாக்கப்பட்டிருந்தது. அங்கே சக கைதி ஒருவர், தம் மனைவிக்கு மருத்துவம் பார்த்ததற்கு நன்றியாக, கிடைத்த மரத்தைக் கொண்டு சுவைட்சருக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். எழுதுவதற்கு மேசை கிடைத்தது. அதோடு ஆர்கனும் கிடைத்தது. மேசையின் விளிம்பு கைகளுக்கான விசைப்பலகை; தரையே கால்களுக்கான பெடல். கப்பலில் தொடங்கிய அந்த ஓசையற்ற பயிற்சியை முகாமிலும் தொடர்ந்தார். பார்ப்பவருக்கு ஒரு மனிதர் மேசையைத் தட்டித் தரையை மிதிப்பதாகத் தோன்றியிருக்கும். அவர் காதில் பாக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1918-இல் விடுதலையாகித் திரும்பியபோது அவரிடம் உடல்நலம் இல்லை, பணம் இல்லை, லம்பரேனே மருத்துவமனைக்காகப் பட்ட கடன் இருந்தது. அந்தக் கடனை அடைத்தது எது? 1919-இல் பார்சலோனா நகரம் அவரை ஆர்கன் வாசிக்க அழைத்தது. 1920-இல் சுவீடனில் உப்சாலா பேராயர் சோடர்புளோம் அவரைச் சொற்பொழிவுக்கு அழைத்தார். அந்நாட்டில் ஊர் ஊராகச் சென்று உரையாற்றியும் ஆர்கன் வாசித்தும் பொருள் ஈட்டினார். அடுத்த ஆண்டு அவருடைய ஆப்பிரிக்க அனுபவ நூல் வெளிவந்தது. 1924-இல் காட்டுக்குத் திரும்பி, பாழடைந்து கிடந்த மருத்துவமனையை மீண்டும் எழுப்பினார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் வாழ்க்கை ஒரே சுழற்சியாக அமைந்தது: ஆப்பிரிக்காவில் மருத்துவம், ஐரோப்பாவில் கச்சேரியும் சொற்பொழிவும், ஈட்டிய பொருளோடு மீண்டும் ஆப்பிரிக்கா. 1935-இல் லண்டனிலும் 1936-இல் ஸ்டிராஸ்பூர்க்கிலும் அவர் வாசித்த பாக் இசை ஒலித்தட்டுகளாகப் பதிவாயிற்று. இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1939 முதல் 1948 வரை லம்பரேனேயிலேயே தங்க நேர்ந்தபோதும் அந்தப் பெடல் பியானோ அவருக்கு மாலைத் துணையாக இருந்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு கணம் நிற்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு நான் சொல்லித்தந்த முதல் பாடம் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழக்க வேண்டும். அந்த இழப்பே தேர்வின் விலை. சுவைட்சர் தாம் செலுத்தப்போகும் விலையை மூன்றாக வகுத்திருந்தார்: கலை, கல்விப் பணி, சுயமாகப் பொருளீட்டி வாழும் உரிமை. மூன்றும் பின்னாளில் தம்மிடமே திரும்பி வந்தன என்று அவர் வியப்போடு எழுதினார். அவர் அதை இறையருளாகக் கண்டார். பொருளியல் கண்ணுக்கு இன்னொரு விளக்கமும் தோன்றுகிறது. திறமை ஒரு மூலதனம். பயன்படுத்தாவிட்டால் அதற்குத் தேய்மானம் உண்டு. வருமானம் எதுவும் தராத ஆண்டுகளிலும் அந்த மூலதனத்தை அவர் பராமரித்தார். கேட்க ஆளில்லாத காட்டில் பெடல் பழகியவருக்குத்தான் பார்சலோனாவில் வாசிக்க முடிந்தது. ஆளில்லை என்று விட்டிருந்தால், அழைப்பு வந்த நாளில் கால்கள் மறுத்திருக்கும். மருத்துவமனையின் கடனும் அடைந்திருக்காது.

ஆனால் எல்லாக் கணக்கும் நேராகிவிடவில்லை. மனைவி ஹெலனின் உடல்நலம் ஆப்பிரிக்கத் தட்பவெப்பத்தைத் தாங்கவில்லை. 1919-இல் தந்தையின் பிறந்த நாளிலேயே பிறந்த மகள் ரேனா, தந்தை பெரும்பாலும் அருகில் இல்லாமலேயே வளர்ந்தார். அந்த விலையைச் செலுத்தியவர்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர். சுவைட்சரின் கணக்கேட்டில் திரும்பி வராத பத்தி அது. அதே மகள் பின்னாளில் மருத்துவமனையின் நிர்வாகத்தை ஏற்றார் என்பது வரலாற்றின் ஒரு சமன்பாடு.

இன்னொரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்கர்களைத் தம் தம்பியராகவே அவர் கருதினார். சமமானவர்களாக நடத்தத் தயங்கினார். குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளைக் கண்டித்த அவரே, அந்த மக்கள் தம்மைத் தாமே ஆளும் காலம் விரைவில் வருவதை ஏற்கத் தடுமாறினார். 1960-இல் காபோன் விடுதலை பெற்றபோது, மருத்துவமனையின் பழைய நடைமுறைகளும் மருத்துவரின் பழைய மனப்பாங்கும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. தொண்டு செய்பவர், தொண்டு பெறுபவரைக் குறைத்து மதிக்கும் உரிமையைத் தொண்டினால் பெற்றுவிடுவதில்லை.

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு இருவகையானது. 1935-இல் இந்தியச் சிந்தனை வளர்ச்சி பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இந்தியத் தத்துவம் பெரிதும் உலகையும் வாழ்வையும் மறுப்பது என்பது அவர் கருத்து. அதை 1939-இல் வெளிவந்த தம் நூலில் ராதாகிருஷ்ணன் வலுவாக மறுத்தார். ஆனால் அதே நூலில் சுவைட்சர் ஒரு படைப்பின் முன் வியந்து நின்றார். அது திருக்குறள். செயலையும் அன்பையும் இல்வாழ்வையும் போற்றும் அறத்தை அதில் கண்டு, உயர்ந்த ஞானத்தைத் தரும் அறவுரைத் தொகுப்புகளில் அதற்கு இணையானதை உலக இலக்கியத்தில் காண்பது அரிது என்று கருதினார். கார்ல் கிரால் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856-லேயே வெளிவந்திருந்ததால், ஜெர்மன் அறிந்த உலகுக்குக் குறள் புதிதன்று. எனினும் 1915-இல் ஒகோவே ஆற்றில் படகில் சென்றபோது உயிர்களிடத்து மதிப்பு என்னும் கொள்கையைக் கண்டடைந்த ஒருவர், கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூலை இனம் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

இரண்டாம் உறவு எங்கள் ஊரோடு தொடர்புடையது; அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. சுவைட்சர் பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1884-இல், வத்தலக்குண்டில் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. வ.உ.சி.யோடு 1908-இல் சிறை சென்ற அவர், 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அரசு அவரை ரயிலில் ஏற விடவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தபோது அவருக்கு நாற்பத்தோரு வயது நிறையவில்லை. தொழுநோயைக் கட்டுப்படுத்தும் சல்ஃபோன் மருந்தின் பயன் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941-இல்தான் தெரியவந்தது. எங்கள் ஊர் மகனுக்கு அது காலம் கடந்து வந்த மருந்து.

சுவைட்சருக்கு 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு 1953-இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தை அவர் லம்பரேனேயில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பை அமைப்பதில் செலவிட்டார். எண்பது வயதை நெருங்கிய நிலையில் கட்டட வேலையைத் தாமே மேற்பார்த்தார். ஊரார் ஒதுக்கியவர்கள் மருந்தும் கூரையும் பெற்றனர். சிவாவை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட உலகமும், தொழுநோயாளிகளுக்கு வீடு கட்டித் தந்த உலகமும் ஒரே நூற்றாண்டில் இருந்தவை. இடையில் வந்தது மருந்து மட்டுமன்று. அந்த மருந்தை எடுத்துச் செல்ல யாரேனும் முன்வர வேண்டியும் இருந்தது.

1957-இல் அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து ஆஸ்லோ வானொலி வழியே அவர் விடுத்த வேண்டுகோள் பல நாடுகளில் ஒலித்தது. அதே ஆண்டில் ஹெலன் மறைந்தார். 1965 செப்டம்பர் 4 அன்று, தொண்ணூறாம் வயதில், லம்பரேனேயிலேயே சுவைட்சரின் வாழ்வு நிறைவுற்றது. அவருடைய கல்லறை ஆற்றங்கரையில், மனைவியின் நினைவிடத்துக்கு அருகில் உள்ளது.

இன்று நம் வீடுகளில் பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டால் வீணை உறைக்குள் போகிறது. மிருதங்கம் பரணுக்கு ஏறுகிறது. நுழைவுத் தேர்வு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். முனைவர் பட்ட ஆய்வுக்காக என் புல்லாங்குழலை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆய்வு முடிந்தது, பணி முடிந்தது, ஓய்வும் வந்தது. அண்மையில் அதை வெளியே எடுத்தபோது குழல் கெடாமல் இருந்தது. விரல்கள்தாம் துளைகளை மறந்திருந்தன. சுவைட்சர் காட்டில் மாலைதோறும் பெடல் கட்டைகளுக்குக் கொடுத்த நேரத்தை நான் நகரத்தில் இருந்துகொண்டே என் குழலுக்குக் கொடுக்கவில்லை. நேரமில்லை என்பது உண்மையான காரணமாக இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் கலையை நிறுத்தச் சொல்லும் முன் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெரிய கடமை வரும்போது சிறிய பயிற்சியைக் கொன்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாளுக்கு அரை மணி நேரம் போதும், மேடை வேண்டாம், பரிசு வேண்டாம். மேசையும் தரையும் கூடப் போதும் என்று ஒரு கைதி காட்டியிருக்கிறார். சின்னாளபட்டித் தறிக்குழியில் அந்த நெசவாளரின் கால்கள் நாள்தோறும் செய்வதும் அதுவே. பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் அவை தம் பாடத்தை மறப்பதில்லை. அதனால்தான் துணி நெய்யப்படுகிறது.